மவுத் கார்டும் பெரிய டம்ளரும்

கபடி மைதானத்தில் ஒருவர் தன் பல்வரிசையை வாயிலிருந்து எடுத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது பல்வரிசை இல்லை, மவுத் கார்டு என்றார் பக்கத்தில் நின்றவர். வெந்நீரில் போட்டால் இளகுமாம். வாயில் வைத்துக் கடித்தால் நம் பல்லின் அச்சு அப்படியே பதியுமாம். திண்டுக்கல்லில் விளையாட்டுச் சாமான் கடையிலேயே சல்லிசாகக் கிடைக்குமாம். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பஸ் ஏறிவிட்டேன்.

காரணம் மலர் அக்கா. தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். பக்கத்தில் படுத்தால் கல் குவாரியில் படுத்த மாதிரி இருக்கும். பல் டாக்டர், "தேயுதும்மா, உறை போடணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். அதைக் கேட்டு அக்கா விழித்திருக்கும்போதே பல்லைக் கடித்தாள்.

இதற்கிடையில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்துவிட்டது. (போட்டோவைப் போன் கவருக்குள் வைத்திருந்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.) ஆனால் பயம்.

"பேய் பிடிச்ச பொண்ணுன்னு மறுநாளே கொண்டாந்து விட்ருவாங்கடி."

"நான் பாத்துக்கிறேன்க்கா."

"நீ பாத்துக்கிறேன்னு சொல்றதுதான்டி அம்புட்டுப் பயமா இருக்கு."

(வரலாறு உண்டு. மிக்ஸியை ரிப்பேர் பார்த்தது நான். புது மிக்ஸி வாங்கியது அப்பா.)

பெண் பார்க்க அவர்கள் வருவதாக இருந்தது ஞாயிறு பதினொரு மணிக்கு. அதற்குள் உறை தயாரானால் அக்கா நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வந்து நிற்பாள் என்று எனக்கு ஒரே பரபரப்பு. கார்டு கண்ணாடி மாதிரி நிறமே இல்லாதது. இரண்டு நுனியையும் கத்தரியால் நறுக்கியும் சின்ன டம்ளரில் இறங்கவில்லை. வீட்டிலேயே பெரிய டம்ளராக எடுத்துக் கொதிக்கும் நீரை ஊற்றி உள்ளே போட்டேன். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

ஜமுக்காளம் விரித்து, அக்காவின் சுங்குடிச் சேலைக்குக் கொசுவம் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினால் டம்ளரைக் காணோம்.

"அம்மா, இங்க பெரிய டம்ளர் வச்சிருந்தேனே?"

"வெந்நிதான இருந்துச்சு? கொட்டிட்டு மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் காபி குடுத்தாச்சு. பெரிய மனுசருக்குப் போயி சின்ன டம்ளர்லயா குடுப்பாங்க?"

இளகிய கார்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை.

கூடத்து வாசலுக்கு ஓடினேன். அவர் உதட்டில் வைத்து உறிஞ்சுகிறவராக இருந்தால் தப்பித்திருப்பேன்; அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார். அவரோ அண்ணாந்து, எச்சில் படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். சூடான காபியில் கார்டு திரும்பவும் இளகிக்கொண்டிருக்கும். கத்தலாம். என்னவென்று கத்துவது? "மாமா, பல்லு" என்று ஆரம்பிப்பதற்குள் கடைசி மடக்கோடு அது தொப்பென்று வாய்க்குள் இறங்கியது.

வாயில் விழுந்ததை யாரானாலும் கடிக்கத்தான் செய்வார்கள். நன்றாகவே கடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க, உங்க பக்கம் காபியில தேங்காச் சில்லு போடுவீங்களா?"

உள்ளங்கையில் அவருடைய மேல்வரிசை, முன்பல் இடுக்கு உட்பட. நான் பார்த்ததிலேயே அருமையான அச்சு. கதவுக்குப் பின்னாலிருந்து நறநறவென்று ஒரு சத்தம். அக்கா.

எனக்குப் பதற்றம் வந்தால் உண்மைதான் வரும், அதுவும் முழுசாக. "மாமா, அது நான் அக்காவுக்காகச் செஞ்சது. தூக்கத்துல பல்லைக் கடிப்பா, அதுக்குத்தான்" என்று சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இதை மாட்டிட்டுப் படுத்தா சத்தம் வராதா?"

"கேக்காதுங்க அத்தை."

"அப்ப இது எனக்கு. இவரு கடிக்கிற கடியில நான் தூங்கி முப்பது வருசமாச்சு. பையனும் அப்பனைக் கொண்டவன்தான். அதை எப்படிச் சொல்றதுன்னுதான் வர்ற வழியெல்லாம் நாங்க யோசிச்சிட்டு வந்தோம்."

மாப்பிள்ளை ஜமுக்காளத்தின் கோடுகளை எண்ண ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னால் நறநற நின்று, சிரிப்புச் சத்தம் கேட்டது.

கல்யாணமாகி வருடம் ஒன்றாகிறது. எங்கள் வீட்டில் காபி கொடுத்தால் மாமா இன்னும் டம்ளரைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாந்து குடிக்கிறார். "அம்மிணி, சில்லு இல்லீல்ல?" என்று என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டுக்கொள்கிறார்.

அக்காவும் அத்தானும் மட்டும் உறையே இல்லாமல் ஜோடியாகக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஒட்டன்சத்திரம் போகிறேன், இரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் அச்சு எடுக்க. வெந்நீருக்குத் தனிக் கிண்ணம் கொண்டுபோகிறேன். அத்தை அன்று எல்லா டம்ளரையும் பீரோவில் வைத்துப் பூட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

தேவையில்லை. இந்தத் தடவை பச்சை நிறம் வாங்கியிருக்கிறேன்.