பக்கத்து வீட்டு டைரக்ட் டிரைவ்

இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்த அட்டைப்பெட்டி, தன் வீட்டு வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போனதைக் கதவுத் துவாரம் வழியாகப் பார்த்த சர்வேயருக்கு வயிறு எரிந்தது. இடுப்பு உயரப் பெட்டி. நாலு பக்கமும் அம்புக்குறி, ஜாக்கிரதை என்று சிவப்பு எழுத்து.

"வந்துடுச்சு. அந்தப் பல் டாக்டருக்கு நமக்கு முன்னாடியே வந்துடுச்சு," என்றார் மனைவியிடம்.

"எது?"

"டர்ன்டேபிள்."

எட்டு மாதமாகச் சர்வேயர் வீட்டில் அந்தச் சொல் காதில் விழாத நாளே இல்லை. சர்வேயரிடம் இசைத்தட்டுப் போட ஏற்கெனவே ஒரு பிளேயர் இருந்தது. ஆனால் அது ரப்பர் பெல்ட்டில் சுற்றுகிற ரகம். புதிதாக வரப்போவது டைரக்ட் டிரைவ். மோட்டாரே தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து சுற்றும், இம்மி பிசகாது. கடையில் அவர் பெயர் நாலாவதாகப் பதிவாகியிருந்தது. நிலம் அளக்கக் கிளம்புமுன் தினமும் கடைக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அது வந்தால் வைப்பதற்கென்று சுவரில் ஒரு பலகை அடித்து, ரசமட்டம் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தீர்த்திருந்தார். காலிப் பலகைதான். இருந்தாலும் அதன்மேல் மனைவி ஒரு நாளிதழைக்கூட வைக்கக் கூடாது.

"பெட்டில என்னன்னு நேரா போய்க் கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

கேட்டால் காட்டுவார். காட்டினால் பாராட்ட வேண்டியிருக்கும். அதற்குச் சர்வேயர் தயாராக இல்லை. கடைக்கு மட்டும் போன் செய்து, வரிசையை மீறிப் பல் டாக்டருக்குக் கொடுத்தீர்களா என்று விசாரித்தார். இன்னும் ஒன்றுகூட வந்து இறங்கவில்லை என்றார் கடைக்காரர். வாய் கூசாமல் பொய் சொல்கிறான் என்று சர்வேயர் முடிவு கட்டினார்.

மறுநாள் லிஃப்டில் பல் டாக்டர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"நல்ல சத்தம்னா என்னன்னு இப்பத்தான் சார் எனக்குத் தெரியுது. ஏழு மணியாச்சுன்னா உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மனசே வரல."

கொழுப்பைப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சர்வேயர் லிஃப்டின் பொத்தான்களை எண்ணினார்.

அன்று மாலையே தன் பழைய பிளேயருக்கு உயர்ந்த ரகத்தில் ஒரு புது ஊசி வாங்கி மாட்டினார். தட்டைப் போட்டார். அவர் காதுக்கே தித்தித்தது. பெல்ட்டோ கில்ட்டோ, நம்மிடம் யார் கிட்டே வர முடியும் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

காலையில் லிஃப்டில் டாக்டர் தானாகவே ஆரம்பித்தார். நேற்றிலிருந்து சத்தத்தில் ஒரு பளபளப்பு வந்திருக்கிறதாம். வீணைத் தந்தியை விரல் தொடுவதுகூடத் தெரிகிறதாம்.

"அவனும் ஊசியை மாத்திட்டான்," என்று சர்வேயர் வீட்டுக்குத் திரும்பி வந்தே மனைவியிடம் புலம்பினார். வேலைக்கு அரை மணி தாமதம்.

அன்று சாயங்காலம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஊசியைத் தூக்கினார். சமையலறையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தார். அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சு இல்லை.

"பாத்தியா? நான் நிறுத்தினதும் அவனும் நிறுத்திட்டான். நம்ம வீட்டையே ஒட்டுக் கேக்கறான்."

மனைவி டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

இனிப் பொறுப்பதில்லை என்று சர்வேயர் இரண்டு ஸ்பீக்கரையும் திருப்பி, முகம் பொதுச் சுவரைப் பார்க்கும்படி ஒட்டி வைத்தார். அந்த ஆள் தன் டைரக்ட் டிரைவில் ஒரு சுரத்தைக்கூட ஒழுங்காகக் கேட்கக் கூடாது என்பது திட்டம். சத்தத்தைக் கடைசிவரை திருகினார். அவருக்கு இப்போது ஸ்பீக்கரின் முதுகு மட்டும்தான் கேட்டது. அலமாரியில் பாத்திரங்கள் தாளம் போட்டன. பலகையைத் தாங்கிய ஆணி ஒன்று அதிர்ந்து அதிர்ந்து இளகி, மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரசமட்டத்தில் குமிழி ஓரத்துக்குப் போய் ஒதுங்கிக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் இப்படியே நடத்தினார்.

வார முடிவில் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தான் சார் முழுமையா இருக்கு. பாடறவங்க எங்க ஹால்லயே வந்து நிக்கற மாதிரி இருக்கு."

சர்வேயருக்கு மனசு விட்டுப்போனது. இத்தனை இரைச்சலையும் அமுக்கிவிட்டு ஒரு யந்திரம் பாடுகிறதென்றால் அதனோடு யார் மல்லுக்கட்டுவது? பொறாமையில் அவருக்கு இரண்டு நாளாகத் தூக்கமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் கூப்பிட்டார். சர்வேயருடைய டர்ன்டேபிள் வந்துவிட்டதாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். எட்டு மாதம் தவம் கிடந்த செய்தி. ஒரு நொடி அவர் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடியே டாக்டர் வந்து பார்த்து, "அட, நீங்களும் வாங்கிட்டீங்களா?" என்று கேட்கப்போகும் காட்சி கண்முன் வந்து நின்றது.

"வேண்டாம், எடுத்துக்கல," என்றார்.

உங்களுக்குப் பின்னால் வரிசையில் யாருமே இல்லையே, நான் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கடைக்காரர் பதறினார்.

"முதல்ல எவன் வந்து கேக்கறானோ அவன் தலையில கட்டுங்க."

வந்த கோபம் அதோடு நிற்கவில்லை. பழைய பிளேயரையும் ஸ்பீக்கரையும் அன்றே மச்சானுக்குக் கொடுத்தனுப்பினார். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று மனைவி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். யோசித்தாகிவிட்டது என்றார்.

அதன் பிறகு ஒரு வாரம் வீடு வெறிச்சென்று கிடந்தது. ஏழு மணிக்குச் சர்வேயர் காலிப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து கையைப் பிசைவார். பக்கத்து வீட்டிலிருந்தும் சத்தம் இல்லை. மோட்டார் புகைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் டாக்டரின் மனைவி, கையில் ஒரு வழிமுறைப் புத்தகத்தோடு நின்றாள்.

"அண்ணா, உங்ககிட்ட ரசமட்டம் இருக்காமே? கொஞ்சம் தர்றீங்களா? டர்ன்டேபிளை மட்டமா வைக்கணுமாம்."

"அது வந்துதான் மூணு வாரமாச்சே?" என்றார் சர்வேயர், குரலை அடக்கிக்கொண்டு.

"அந்தப் பெட்டியா? அது சாய்வு நாற்காலிண்ணா, உங்க பாட்டைக் கேக்கறதுக்குன்னே வாங்கிச் சுவரோரமா போட்டோம். ஒரு வாரமா நீங்க போடலியா, இவருக்கு இருப்புக்கொள்ளல, நேத்து கடைக்குப் போய் நின்னா, எவரோ ஒரு புண்ணியவான் எட்டு மாசம் காத்திருந்துட்டு வேண்டாம்னு விட்டுட்டாராம்."