மூணு செட்டு பார்த்த ஐரோப்பா

ஐரோப்பாவில் ஷெங்கன் விசா வைத்திருப்பவர் அந்தக் கூட்டு நாடுகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். இது விதி. கோடிக்கணக்கான பயணிகள் இதைச் சௌகரியம் என்று நினைக்கிறார்கள். இந்த விதியால் நிம்மதி இழந்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் திண்டிவனத்துக்காரன். எங்கள் தெருவில் அவனுக்குப் பெயர் மூணு செட்டு.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரின் ஒரே மகன். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் மூன்று செட் நகல் எடுத்த பிறகுதான் படிப்பான். கல்லூரி நாட்களில் ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதத்தையும் அப்படி எடுத்து, அவளிடம் போனதில் 'உண்மை நகல்' என்று கையெழுத்துப் போட்டிருந்தான். மற்ற இரண்டும் யாருக்கு என்று அவள் கேட்டாள். அத்தோடு அந்தக் கோப்பு முடிந்தது.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து விழுப்புரத்தில் ஓய்வு பெற்றவன். இப்போது பகல் முழுக்க அந்த ஜெராக்ஸ் கடையில்தான் என் நாற்காலி. மனு எழுத வருகிறவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

மூணு செட்டு மயிலத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போனான். முதல் வருஷம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்பாவும் மகனும் தினம் போனில் பேசுவார்கள். கோடை விடுமுறை வந்ததும் பையன் ஊர் சுற்றக் கிளம்பினான். பாரிஸிலிருந்து, இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் அனுப்பினான். கடைக்காரர் அதைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார்.

"சார், இத பாருங்க. இவன் நெழலு இந்தப் பக்கம் வுழுது. டவரு நெழல காணோம்."

"டவரு தூரத்துல இருக்குதுய்யா."

"தூரத்துல இருந்தா நெழலு இருக்காதா? என் கடையிலயே தெனம் அஞ்சு பேருக்கு கம்ப்யூட்டர்ல கோட்டு மாட்டி வுடறேன். லுங்கியோட வந்து ஒக்கார்றான், டையோட எழுந்து போறான். டவரு மாட்ட எம்மா நேரம் ஆவும்?"

அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு சேதி வந்திருந்தது. லண்டனில் படிப்பதாக இரண்டு வருஷம் வீட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பையன், பெங்களூரில் செல்போனுக்கு உறை விற்றுக்கொண்டிருந்தபோது அகப்பட்டானாம். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான், வீட்டில் சொல்ல வெட்கம். அதைக் கேட்டதிலிருந்து கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பிள்ளையும் எங்கேயோ ஒரு ரூமில் பட்டினியாகக் கிடந்துகொண்டு எனக்காகச் சிரிக்கிறானோ என்பதுதான் அவர் பயம். அதை மகனிடம் கேட்க வாய் வரவில்லை. ஆகவே பேச்சையே நிறுத்திவிட்டார்.

பல்கலைக்கழகம் கொடுத்த சான்றிதழைப் பையன் அனுப்பினான். "பிடிஎஃப்ல நானே கலெக்டரு ஆவேன்" என்றார். பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பினான். "ஊரூரா சுத்தறேன்றான், ஒரே ஒரு சீலு இருக்குது. அதுவும் ஜெராக்ஸு. யாரு சார் நம்புவான் ஜெராக்ஸ?" இருபத்தேழு வருஷமாக அதை விற்றுப் பிழைப்பவர் கேட்டார். "ஒரிஜினல் சீலோட தபால் வரட்டும், பேசறேன்."

மகன் எனக்குப் போன் செய்தான். நிலைமையைச் சொன்னேன். வேறு பிள்ளையாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பான். இவனோ, "அவரு கேக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். இதுக்கு சான்று குடுக்க யாரு காம்பிடன்ட் அத்தாரிட்டி?" என்றான்.

"உள்ளாட்சிதான்" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். அந்த ஒரு சொல்லால் ஐரோப்பாவின் நகராட்சிகளுக்கு நான் இழைத்த துன்பம் கொஞ்சமல்ல.

அன்று முதல் மூணு செட்டு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கிளம்பி, எந்த நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். கையில் மனு. அனுப்புநர், பெறுநர், பொருள்: ஊர் சுற்றிப் பார்த்தமைக்குச் சான்று வழங்கக் கோருதல். பார்வை: என் தந்தையாரின் வாய்மொழி ஆணை. அடியில் 'நகல் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று அப்பாவின் முகவரி. தமிழில் எழுதி, அந்தந்த நாட்டு மொழியில் பெயர்த்து, மூன்று செட்.

ஆம்ஸ்டர்டாமில் கவுண்டரில் இருந்த அம்மாள் இவ்வளவு முறையான மனுவை வாழ்நாளில் கண்டதில்லை என்று ஒரு செட்டைத் தனக்கு வைத்துக்கொண்டாராம். பிரஸ்ஸல்ஸில் சாக்லேட் கொடுத்தார்கள். அதற்கு இவன் ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். ப்ராகில் பழைய கடிகாரம் ஒன்று மணி அடிக்கும்போது பொம்மைகள் வெளியே வருமாம். அதைப் பார்க்க ஊரே அண்ணாந்து நிற்க, இவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து உறுதிமொழிப் படிவம் நிரப்பினான். யாரும் சான்று தரவில்லை. எல்லோரும் இலவச வரைபடம் தந்தார்கள்.

நான் போனில் விசாரிப்பேன்.

"மறுபடியும் போனியே, பாரிஸு எப்படிடா இருக்குது?"

"டோக்கன் சிஸ்டம் சார்."

"ரோம்?"

"கூட்டம் சார். நம்ம தாலுகா ஆபீஸு ஜமாபந்தி மாதிரி. மனசுக்கு நெறைவா இருந்துச்சு."

"டேய், வேற இன்னாதான் பாத்த?"

"அரண்மனைங்க இருக்குது சார். அது எங்க ஓடிடப் போவுது. ஆபீஸு மூடிடுவானே."

ஒவ்வொரு போனும் ஒரே கேள்வியில் முடியும். "அப்பா எதுனா சொன்னாரா சார்?" எதுவும் சொல்லவில்லை என்பதுதான் பதில். ஆனால் ஒன்றை நான் கவனித்திருந்தேன். கடைக்காரர் மனைவி கடையில் உட்கார்ந்து மகனோடு பேசும்போது போனை ஒலிபெருக்கியில் போடுவார். உடனே இவர் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்திவிடுவார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், "மெஷினு சூடாயிடுச்சி, கொஞ்சம் ஆறட்டும்" என்பார். மகன் குரல் நிற்கும்வரை அது ஆறிக்கொண்டிருக்கும்.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை. மார்கழியில் ஒரு நாள் அவன் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா பேசி ஆறு மாசம் ஆவுது சார். படிப்ப வுட்டுட்டு வந்துடறேன். நேர்ல வந்து நின்னா ஆளே ஒரிஜினல்தான."

"பாதியில வந்தின்னா அவரு பயந்தது நெசமாயிடும்டா. பொங்கல் வரைக்கும் பொறு."

"பொங்கலுக்கு அப்பறம் டிக்கெட் போட்டுடுவேன் சார்."

விதிகளில் எனக்குத் தெரியாதது இல்லை. ஒரு தகப்பனைப் பேச வைப்பதற்கு மட்டும் எந்த விதியின் கீழும் வழி தெரியவில்லை.

பொங்கல் வந்தது, போயிற்று. அதற்கு மறுநாளும் போயிற்று. அதற்கடுத்த நாள் மாநில அரசுக்கு விடுமுறை. தாலுகா அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தபால் துறை மத்திய அரசு. அதற்கு அன்று வேலை நாள். தபால்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பழுப்பு உறையை நீட்டினார். வியன்னா நகராட்சியிலிருந்து, கடைக்காரர் பெயருக்கே வந்திருந்தது. நகல் பெறுபவர் அவர்தானே.

உள்ளே ஒரே தாள். ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே நீல மையில் கையெழுத்து, வட்ட முத்திரை. நான் படித்துச் சொன்னேன். "உங்கள் மகன் நேரில் வந்து கொடுத்த மனு பரிசீலிக்கப்பட்டது. இவ்வாறு சான்று வழங்க எங்கள் விதிகளில் இடமில்லை. வருந்துகிறோம்."

எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். கடைக்காரர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டினார். எச்சில் தொட்டு மையைத் தேய்த்தார். மை கலைந்தது; அச்சடித்த நகல் இல்லை. அவர் முகம் மாறியது.

"முடியாதுன்னா எழுதிருக்கான்?"

"ஆமாய்யா."

"இடமில்லன்னு?"

"ஆமா."

"டூப்ளிகேட்டா இருந்தா சரின்னு எழுதியிருப்பான் சார். முடியாதுன்னு எழுதிருக்கான்னா ஆபீஸுதான். என் புள்ள அங்கதான் இருக்கறான்."

ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்தார். அங்கே காலை ஏழு மணி. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். ஆறு மாதம் கழித்து அப்பாவும் மகனும் என்ன பேசப் போகிறார்கள் என்று நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னாடா, சாப்ட்டியா?"

"இல்லப்பா" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"சாப்ட்டுட்டு கெளம்பு. இனிமே எந்த ஆபீஸுக்கும் போவாத. அந்த அரண்மனை, கடியாரம் எல்லாத்தையும் நின்னு நெதானமா பாரு. பாத்துட்டு வந்து எனுக்கு சொல்லு. நான் நம்பறேன்."

நான் எழுந்து ஷட்டருக்கு வெளியே வந்து நின்றேன். தெரு முழுக்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக எங்கெங்கோ சுற்றிப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அரசு ஊழியன் கண் கலங்கக் கூடாது என்று நடத்தை விதிகளில் எங்கும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். பதில் வந்து சேர்ந்த நாள்: தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல்.