வேண்டாம் பாய் எனக்கு விற்காத மிஷின்

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் திட்டித் திருப்பி அனுப்பியே இருபது வருடம் வியாபாரம் செய்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் குன்னூர் பஜாரில் இருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பஜாரில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் 'வேண்டாம் பாய்'. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கங்கே சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய் விற்றது, அதாவது விற்றிருக்க வேண்டியது, தோட்டத்து மிஷின்கள். புல் வெட்டுகிற மிஷின், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், காரட் கழுவுகிற மிஷினுக்கு பெல்ட். அப்புறம் பெல்லட் மிஷின். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு, காய்ந்த புல் எல்லாவற்றையும் அரைத்து அதில் கொட்டினால், ஓட்டை போட்ட ஒரு இரும்புத் தட்டின் மேல் உருளைகள் ஓடி, மாவை ஓட்டைக்குள் அழுத்தி, கீழே பென்சில் துண்டு மாதிரி தீவனமாகத் தள்ளும். கடை வாசலிலேயே பச்சைப் பெயின்ட் அடித்த ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் பார்த்த நாளாய் அது இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் பாய், பழுப்பு ஸ்வெட்டரும் மப்ளருமாக, இடது கையை எப்போதும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு, யாரைத் துரத்தலாம் என்று பார்த்தபடி.

ஒருநாள் மசினகுடியிலிருந்து ஒரு ரிசார்ட் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். நான் அப்போது மண்வெட்டிக்குக் காம்பு வாங்க நின்றிருந்தேன்.

"பாய், இந்த மிஷின் ஒண்ணு வேணும். எங்க எடத்துல உன்னிச்செடி காடா மண்டிக் கெடக்கு. அரைச்சு, பெல்லட்டாக்கி, கெஸ்ட்டுக்கு கேம்ப் ஃபயர் போடலாம்னு ஒரு ஐடியா."

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "செடிய வெட்டி, காய வச்சு, அரைச்சு, அழுத்தி, குச்சி குச்சியாக்கி, அப்பறம் எரிக்கணும்?"

"ஆமா பாய்."

"அது மொதல்லயே குச்சியாத்தானய்யா இருந்துச்சு!"

மேனேஜர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். பாய் விடவில்லை. "மரத்துக்கு வேற தட்டு, வேற மோட்டாரு. இது தவுட்டுக்கு. இதுல மரத்தூளப் போட்டீங்கன்னா ரெண்டாம் நாளு மிஷின் செத்துப் போவும். வேண்டாம். கெளம்புங்க." ஜீப் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது.

மஞ்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மாவுக்கும் இதே மரியாதைதான். வீட்டில் இரண்டு மாடு, ஒரு மிஷின் வாங்கிப் போட்டால் நல்லதா என்று பாவம் கேட்டுத்தான் வந்தார். "ரெண்டு மாட்டுக்கு எதுக்கும்மா மிஷினு? தவுட்டத் தண்ணியில கரைச்சு வைங்க, குடிக்கும். எனக்குப் பென்சிலாத்தான் வேணும்னு மாடு உங்களக் கேட்டுச்சா?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போனார். நானும் சிரித்தேன். என் முறை வரும் என்று அப்போது தோன்றவில்லை.

நான் முப்பது வருடம் எஸ்டேட் டீ பேக்டரியில் வேலை பார்த்தவன். பறித்து வந்த பச்சை இலையை வாட்டுகிற மாடிதான் என் இடம். ஓய்வு பெற்ற பிறகு என் மனைவி செல்வி வீட்டுக்குப் பின்னால் நாற்பது முயல் வளர்த்தாள். 'வளர்த்தோம்' என்று எழுதினால் அவள் சண்டைக்கு வருவாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றோடும் பேச்சு உண்டு. என்னோடு பேசியதை விட அதுகளோடு பேசியது அதிகம்.

ஒரு ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டது. கீழேயிருந்து தீவன மூட்டை வரவில்லை. வேறு வழியில்லாமல் ஈரப் புல்லையும் காரட் தழையையும் அறுத்துப் போட்டோம். வயிறு ஊதி ஒரே வாரத்தில் பதினோரு முயல் செத்துப்போயின. பதினொன்றையும் நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன். கடைசியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுக்கும்போது செல்வி அழவில்லை.

"ஏனுங்க, அடுத்த ஐப்பசியிலயும் இப்பிடி ஆச்சுன்னா, மிச்சத்த யாருக்காச்சும் குடுத்தர்றேன். இன்னொருக்கா என்னால முடியாதுங்க."

அதோடு கூண்டுப் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தீவனம் வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வந்துவிடுவாள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மழைக்குள் வீட்டிலேயே பெல்லட் செய்து மூட்டை கட்டி அடுக்கிவிடுவது என்று முடிவு செய்து பாய் கடைக்குப் போனேன்.

"எத்தன மொயலு?"

"இருபத்தொம்பதுங்க."

"கரண்டு?"

"ஊட்டுக் கரண்டுதானுங்க, சிங்கிள் பேஸ்."

"கொட்டாய் எங்க?"

"ஊட்டுக்குப் பின்னாடி, ஓடைப் பக்கம்."

"அங்க பனி மூட்டம் எறங்குமா?"

"குன்னூருங்க பாய் இது. எறங்காம?"

"கையக் காட்டுங்க."

காட்டினேன். ஜோசியக்காரர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம்."

"ஏனுங்க?"

"ஈரக் காத்துல இத ஓட்டறதுக்குப் பொறுமை வேணும். நீங்க அவசரக்காரரு. அவசரக்காரனுக்கு நான் மிஷின் குடுக்கறதில்ல."

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. "யாவாரம் பண்றதுன்னா பண்ணுங்க பாய், ஜாதகம் பாக்காதீங்க!" என்று பஜாரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, இதத்தான் சொன்னேன்!" என்று அவர் என்னை விட உரக்கக் கத்தினார்.

வீம்புக்குக் கோயமுத்தூர் போனேன். ஏசி கடை. உட்கார நாற்காலி, குடிக்க ஜூஸ். டை கட்டிய ஒருவர் வாய்க்கு வாய் 'சார்' போட்டார். "இதுல எதப் போட்டாலும் பெல்லட்டா வரும் சார். வீட்டுக் கரண்ட்லயே ஓடும் சார்." இத்தனை படி மாவுக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். எவ்வளவு மரியாதை, எவ்வளவு தெளிவு என்று மயங்கி வாங்கிவிட்டேன். பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வரும்போது, டிரைவரிடம் சொல்லி பாய் கடை முன்னால் வண்டியை மெதுவாக ஓட்ட வைத்தேன். பாய் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் தாளில் இருந்தபடி டம்ளரால் அளந்து தண்ணீர் விட்டுப் பிசைந்து ஓட்டினேன். கொழகொழவென்று வந்து தொங்கியது. செல்வி எட்டிப் பார்த்து, "என்னங்க, முறுக்குப் புழியறீங்களா?" என்றாள். அடுத்த நாள் கோபத்தில் மாவை அடுப்புப் பக்கத்தில் வைத்து வறட்டு வறட்டென்று காய வைத்துப் போட்டேன். புகையும் பொடியுமாக வந்தது. அதைத் தின்னப்போன முயல்கள் வரிசையாகத் தும்மின. மூன்றாம் நாள் மறுபடி டம்ளர். பாதியில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது. ஆத்திரத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தட்டில் அத்தனை ஓட்டையும் கான்கிரீட் போட்டது போல இறுகியிருந்தது. ஐப்பசிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கோயமுத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். "வீடியோ அனுப்புறோம் சார்" என்றார்கள். அனுப்பினார்கள். அதில் ஒருவர் கொளுத்தும் வெயிலில், பனியனோடு வியர்க்க விறுவிறுக்க நின்று, அழகழகாகப் பெல்லட் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மூட்டத்துக்குள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்று அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

கடைசியில் தட்டைக் கழற்றிச் சாக்குப் பையில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு பாய் கடைக்கே போனேன்.

"இதென்னங்க, தட்டுல சிமென்ட் பூசிக் கொண்டாந்திருக்கீங்க? எவன்கிட்ட வாங்கினீங்களோ அவன்கிட்டயே போங்க!"

"போனேனுங்க! கேட்டேனுங்க! வீடியோ அனுப்பறான்!"

பாய் அசந்துவிட்டார். "வீடியோவா?"

போனை நீட்டினேன். முழுதாகப் பார்த்தார். முகம் சிவந்தது. அதற்குப் பிறகு முழுசாக அரை மணி நேரம், நான் இதுவரை கேட்டிராத வசவெல்லாம் அந்தப் பனியன்காரருக்கு விழுந்தது. கேட்கக் கேட்க என் மனசு குளிர்ந்தது. மூச்சு வாங்கி முடித்ததும், ஒரு ஸ்டூலையும் கை டிரில்லையும் என் பக்கம் தள்ளினார்.

"ஒவ்வொரு ஓட்டையும் நீங்களே கொடஞ்சு எடுங்க. அப்பத்தான் அடுத்த தடவ ஞாபகம் இருக்கும். ஓடுற மிஷின மாவோட அணைக்கக் கூடாது. எண்ணெ பெசஞ்ச தவுடு ஒரு டப்பாவுல தனியா வச்சுக்கணும். நிறுத்தறதுக்கு முன்னாடி அதப் போட்டு ஓட்டணும். ஓட்டையில எண்ணெத் தவுடு நின்னா இறுகாது. ஏசி ரூமுல ஜூஸ் குடுத்தானே, இத எவனாச்சும் சொன்னானா?"

சாயங்காலம் வரைக்கும் குடைந்தேன். கை கொப்பளித்தது. பாய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தார். ராத்திரியே தட்டைக் கொண்டுபோய் மாட்டி, உருளைகளை இறுக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில், மூட்டம் கலையாத நேரத்தில், வீட்டு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பாய். வணக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை. நேராகக் கொட்டாய்க்குள் போய், "எந்த மடையன் உருளைய இந்த இறுக்கு இறுக்குனது?" என்று ஒரு சத்தம். அந்த மடையன் பின்னால்தான் நின்றிருந்தேன். "ரெண்டு காகிதம் நொழையற சந்து இருக்கணும். இரும்பும் இரும்பும் ஒரசுனா எது மிஞ்சும்?" என்று ஸ்பேனரை எடுத்தார். பிறகு, நான் மாவுக்குத் தண்ணீர் அளக்க டம்ளரை எடுத்ததைப் பார்த்தார். அப்படியே பிடுங்கி வெளியே வீசினார். அது உருண்டு ஓடைக்குள் போய் விழுந்தது.

"முப்பது வருசம் டீ பேக்டரின்னு கேள்வி. அங்க என்ன வேல பாத்தீங்க?"

"எலை வாட்டற மாடியிலங்க."

"எலை பதமா வாடிருச்சான்னு எதுல அளந்தீங்க? டம்ளர்லயா?"

"கையிலதாங்க. ஒரு புடி அள்ளி அமுக்கிப் பாத்தா தெரியும்."

"மூட்டத்துல எலை வாடுமா?"

"வாடாதுங்க."

"மூட்டத்துல எலை வாடாதுன்னு முப்பது வருசமாத் தெரியும். தவுடு மட்டும் வெயில்ல கெடந்த மாதிரி இருக்குமா? ராவெல்லாம் இந்தக் காத்துல கெடந்து அது தண்ணி குடிச்சிருச்சுங்க! அதுக்கு மேல நீங்க வேற டம்ளர் டம்ளரா ஊத்தறீங்க! கடையில கையக் காட்டுங்கன்னு எதுக்குக் கேட்டேன்? இந்தக் கைய வச்சுக்கிட்டு எவனோ அச்சடிச்ச தாளப் படிக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, இந்த முறை என் மேல்தான். ஒரு பிடி மாவை அள்ளி அமுக்கினேன். கையைத் திறந்தேன். உருண்டை நின்றது. விரலால் தொட்டதும் இரண்டாகப் பிளந்தது. எத்தனை ஆயிரம் முறை மாடியில் நின்று இலையை அமுக்கிப் பார்த்த கை! பதம் உடனே தெரிந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை.

"போதுங்க பாய். இப்பிடியே போடலாம்."

"போடுங்க" என்றார். அவர் வாயில் 'வேண்டாம்' என்பதற்கு மாறாக ஒரு சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

சடசடவென்று விழுந்தது. பளபளவென்று, கை சுடச்சுட, ஒடித்தால் 'டிக்' என்று ஒடிகிற பெல்லட். செல்வி முறத்தில் பிடித்தாள். "சூட்டோட மூட்ட கட்டாதீங்க, வேர்த்துப் பூசணம் புடிக்கும்" என்று அவளையும் ஒரு அதட்டல் போட்டார் பாய். அவள் அதைக் கேட்கவே இல்லை. அவர் ஸ்பேனர் பிடிப்பதற்காகப் பையிலிருந்து எடுத்திருந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் இல்லை.

"கையில என்னாச்சுங்க பாய்?"

பாய் ஸ்பேனரைத் துடைத்தபடியே சொன்னார். "கட வாசல்ல நிக்குதே பச்ச, அதான் நான் வித்த மொத மிஷினு. வாங்குனதும் நான்தான். அவசரம். அடச்சுக்கிச்சுன்னு ஓட ஓடக் கைய உட்டேன். அன்னிக்கு எனக்கு வேண்டாம்னு சொல்ல யாரும் இல்லீங்கம்மா."

செல்வி முறத்தை ஒரு எட்டு பின்னால் இழுத்துப் பிடித்தாள். மிஷின் சடசடத்துக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசியிலும் ரோடு அடைபட்டது. மழை போன வருடத்துக்குச் சளைக்கவில்லை. கொட்டாயில் பதினைந்து மூட்டை அடுக்கியிருந்தோம். ஒரு முயல்கூடச் சாகவில்லை. மாதக் கடைசியில் ஒரு விடிகாலை, கூண்டுப் பக்கமிருந்து செல்வி யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டுப் பதறிப் போய்ப் பார்த்தேன். அடுத்ததின் பங்கையும் சேர்த்துத் தின்றதற்காக ஒரு முயலைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் கழித்து வந்த பேச்சு. ஓடிப்போய் பாயிடம் சொன்னேன். "கார்த்திகை இன்னும் இருக்கு. ஆடாதீங்க" என்றார்.

இப்போது அந்தக் கடை இல்லை. மலைக் குளிர் முட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மேட்டுப்பாளையத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லக்கூட இல்லை, அந்தக் கோபம் தனி. ஆனால் ஐப்பசி பிறந்தால் தினமும் காலையில் போன் வந்துவிடும். எடுத்ததும், "மூட்டமா?" என்பார். "ஆமாங்க பாய்" என்றால், "அப்ப இன்னிக்கு மிஷின ஓட்ட வேண்டாம்" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு வைத்துவிடுவார்.

இன்று காலை குன்னூரில் வெயில் பளிச்சென்று அடித்தது. போன் வந்தது. "மூட்டம்தானுங்க பாய், கொட்டாய் கூடத் தெரியல" என்று பொய் சொன்னேன். அவர் 'வேண்டாம்' என்று ஆசை தீரக் கத்தி முடிக்கும் வரை கேட்டுவிட்டுத்தான் போய் மிஷினைப் போட்டேன்.