மாப்பிள்ளை உட்கார்ந்த படகு

புது மாப்பிள்ளையை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். எங்கள் தென்காசிப் பக்கம் இது எழுதாத சட்டம். குழம்பில் உப்பு கரிக்கிறது என்று அவன் முகம் சுளித்தால் போதும், உப்பே போட மறந்த மாமியார்கூட மன்னிப்புக் கேட்பார். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு நான் என் மாமனாரின் படகைக் காட்டுவேன்.

மாமா குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு குளத்தில் படகு விட்டுக்கொண்டிருந்தார். ஒரே படகு, அதுவும் பழைய ஃபைபர் படகு. வைகாசியில் எனக்கும் அவர் மகள் செல்விக்கும் கல்யாணம். ஆனியில் படகின் தரை மெத்தை மாதிரி ஆகி, கால் வைத்தால் உள்ளே இறங்கியது. சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. இந்த சீசனில் படகு ஓடாவிட்டால் மாமாவுக்கு அந்த வருடப் பிழைப்பே இல்லை.

நானோ துபாயில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியிலிருந்து லீவில் வந்தவன். (தொட்டி செய்தவனல்ல. ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தவன். இதைத் தரகர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.)

"மாப்ளே, இதை என்ன செய்யலாம்னு பாக்கியளா?" என்றார் மாமா.

"இது ஒரு வேலையா மாமா? தரையைப் பேத்துட்டு புதுசு போட்டிரலாம்" என்றேன். செல்வி பக்கத்தில் நின்றாள். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

தரையை அறுத்தெடுத்தேன். உள்ளேயிருந்த பிளைவுட் நனைந்த புட்டாக உதிர்ந்தது. அதுவரை எனக்கே என்மேல் ஒரு மரியாதை இருந்தது. இனி புதுப் பலகை பதித்து, கண்ணாடி நார் விரித்து, ரெசின் என்ற பிசினில், அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து பூச வேண்டும். எவ்வளவு ஹார்டனர் என்பதுதான் தெரியவில்லை. ஈரக்காற்றில் சீக்கிரம் இறுகட்டும் என்று தாராளமாக ஊற்றினேன். வாளி கொதித்துப் புகைய ஆரம்பித்தது.

"மாப்ளே, புகையுதே" என்று அத்தை பின்வாங்கினார்.

"புகையணும் அத்தை. அதான் பதம்."

"கேட்டுக்கோ, புகையணுமாம்" என்று மாமா அத்தையை அடக்கினார்.

மிரண்டுபோன நான், அடுத்த கலவையில் ஹார்டனரைக் கோயில் தீர்த்தம் போலச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் பூசி முடித்தேன். மறுநாள் தரை பளபளத்தது. தொட்டால் பலாப்பழப் பிசினாக ஒட்டியது. அதற்கடுத்த நாளும் ஒட்டியது. படகை மறுபடி தண்ணீரில் இறக்கும் பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆலங்குளத்திலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். யோசித்துப் பார்த்து, செல்வியின் முகப்பவுடரைத் தரை முழுக்கத் தூவினேன். ஒட்டுவது நின்றது. படகு மணத்தது.

எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டி, புதுத் தம்பதிதான் முதலில் ஏற வேண்டும் என்றார்கள். செல்வி குறுக்குப் பலகையில் உட்கார்ந்தாள். நானும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தரையின் பலத்தை ஊருக்குக் காட்ட வேண்டுமே! பட்டுக்கரை வேட்டியோடு தரையில் சம்மணமிட்டேன். மாமாவே துடுப்புப் போட்டார். சாரல் நின்று சுள்ளென்று வெயில் வந்தது. குளத்தை நிதானமாகச் சுற்றிவிட்டுக் கரைக்கு வந்தோம்.

எழுந்தேன். அதாவது, எழ முயன்றேன்.

"என்னாச்சு?" என்று செல்வி குனிந்தாள்.

"வேட்டி வரமாட்டேங்கு" என்றேன் மெதுவாக.

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கிழிகிற சத்தம்தான் வந்தது. பவுடரையும் மீறித் தரை முழுக்க மறுபடி பிசினாக இருக்க, நான் உட்கார்ந்த இடம் மட்டும் உடம்புச் சூட்டில் வேட்டியோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. கரையில் ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்தார். மாமா துடுப்பைக் கீழே வைத்தார்.

"ஏலே, எதுக்குச் சிரிக்கிய? மாப்பிள்ளை தரையை செக் பண்ணுதாவ" என்று அதட்டிவிட்டு, தன் தோள் துண்டை என் மடியில் போட்டார். நான் வேட்டியைப் படகுக்கே தானம் செய்துவிட்டு, துண்டோடு கரையேறினேன்.

சாயங்காலம் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். "மாமா, நான் தொட்டி செய்யல. ஸ்டோர்ல இருந்தேன்."

"தெரியும் மாப்ளே. பொண்ணு குடுக்கதுக்கு முன்னாடியே விசாரிச்சிட்டோம்லா."

"பிறகு ஏன் மாமா படகைக் குடுத்திய?"

"உங்ககிட்ட யோசனைதான் கேட்டேன். நீங்க ரம்பத்தை எடுத்துட்டிய. புது மாப்பிள்ளை கையில இருந்து அதை எப்படிப் புடுங்க?"

தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்து மிச்சத் தரையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டார். சீசன் முடிவதற்குள் படகு ஓடியது. வேட்டி ஒட்டிய இடத்தை மட்டும் மாமா தொடவிடவில்லை. இப்போது படகு மைத்துனன் கையில் இருக்கிறது. அந்தப் பட்டுக்கரை இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு வீட்டில் 'மாப்பிள்ளை சீட்டு' என்று பெயர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், நான் உட்காரும் முன் பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகருகிறார்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இல்லாத குற்றாலம் எனக்குப் பிடிக்கவில்லை. போன சீசனில் அந்தப் படகில் போனபோது செல்வி சொன்னாள்:

"நீங்க துபாய்க்குப் போன பொறவு, கூட்டமில்லாத நேரம் அப்பா அந்த மாப்பிள்ளை சீட்டுலதான் போய் உக்காந்திருப்பாவ. என்னப்பான்னு கேட்டா, 'காஞ்சிருச்சான்னு பாக்கேன்ட்டி'ம்பாவ."