பின்னறையும் அப்பாவின் ஞானக்கண்ணும்

எல்லாருக்குள்ளும் ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்று என் அப்பா சொல்வார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஒளிந்திருப்பதற்கு அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும் இல்லையா? முடியைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டுமா?

அப்பா அப்படித்தான் இழுப்பார். முடி வெட்டுவது அவர் தொழில். வீட்டின் முன்பக்கம் கடை. ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. வந்தவரை உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, கத்திரியைக் கையில் எடுத்துவிட்டால் போதும், அவருக்கு ஞானக்கண் திறந்துவிடும். "கையில கத்திரி ஓடினாத்தான் எனக்குக் கண்ணு ஓடும்" என்பார் பெருமையாக. உட்கார்ந்தவர் எழுந்து போகவும் முடியாது. பாதித் தலைதான் முடிந்திருக்கும். பாதித் தலையோடு எவன் தெருவில் இறங்குவான்? கேட்டுத்தான் தீர வேண்டும்.

அப்படிக் கேட்டே கெட்டவர்கள் பலர்.

கேக் கடைக்காரரிடம், "உங்களுக்குள்ள ஒரு கவிஞர் இருக்காரு அண்ணே" என்றார். அன்றிலிருந்து அவர் கேக் மேல் கவிதை எழுதுகிறார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் நிலாவும் தென்றலும் ஓரம்வரை வழிந்து, குழந்தையின் பெயர் அட்டைப்பெட்டியில் எழுதி வந்தது. எலெக்ட்ரீஷியனுக்குள் ஒரு பாடகர் இருந்தாராம். அவர் ஏணிமேல் நின்று கண்ணை மூடிப் பாடிக்கொண்டே ஒயர் மாற்றியதில், இப்போது எங்கள் குளியலறை சுவிட்சைப் போட்டால் மாடிப்படியில் விளக்கு எரிகிறது. பேங்க் காவலாளியிடம் மிமிக்ரி இருந்தது. அவர் மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டினார். மேனேஜர் பின்னால் நின்று கேட்டார். இப்போது அவர் பேங்க் காவலாளி இல்லை.

என்னையும் விடவில்லை. பதினொன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டபோது, "இவளுக்குள்ள ஒரு வக்கீல் இருக்கா" என்றார். இல்லை என்று வாதாடினேன். "பாத்தியா?" என்றார்.

அம்மா ஜன்னல் திரை தைப்பவள். நான் அவளுக்கு மெஷின் மிதிக்கிறேன். சாப்பாட்டு மேஜைதான் எங்கள் தையல் கூடம். துணியில் கறை படக்கூடாது என்று மூன்று பேரும் தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிடுவோம். பின்னறையில் குடியிருந்தவர் காலி செய்ததும் அம்மா முகத்தில் வெளிச்சம். புதிதாகத் திறக்கிற ஓட்டல் ஒன்று எல்லா அறைகளுக்கும் திரை தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. மாதிரிக்கு ஒரு ஜோடி தைத்துக் காட்ட வேண்டும், பெரிய மேஜை போட்டு வேலை செய்ய இடமும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஓட்டல்காரம்மா நேரில் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மீசையைச் சீவிக்கொண்டு வந்தார். பெரிய முடிவு எடுத்தால் முதலில் மீசையைத்தான் சீவுவார்.

"பின்னறைய நான் எடுத்துக்கப் போறேன். திறமை ஆராய்ச்சி நிலையம். போர்டு எழுதக் கொடுத்தாச்சு."

"யாரு திறமைய ஆராயப் போறீங்க?" என்றாள் அம்மா.

"ஊர்க்காரங்க எல்லாரோடதும்."

"ஊர்க்காரங்க கேட்டாங்களா?"

"அவங்களுக்குத்தான் இருக்கிறதே தெரியாதே, எப்படிக் கேப்பாங்க?"

"அந்த ரூம் எனக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்ப எனக்கு இந்த யோசனை வரல."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரிங்க. எடுத்துக்கங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னம்மா நீ?"

"நீ சும்மா இருடி. ஒரே ஒரு சந்தேகங்க. கல்யாணம் ஆகி இவ்வளவு காலமாச்சு. எனக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு நீங்க சொன்னதே இல்லையே."

அப்பா சீப்பைச் சட்டைப் பையில் செருகினார். திரும்ப எடுத்தார். "நீ நல்லா தைப்பே."

"அது எங்க ஒளிஞ்சிருக்கு? மேஜை மேலேயே கிடக்கு."

"நல்லா சமைப்பே."

"அது உங்க சட்டை பட்டன் தெறிக்கிறதுலயே தெரியுது. சொந்தப் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதவர்கிட்ட, ஊர்க்காரங்க எப்படிங்க நம்பி வருவாங்க?"

ரோஷம் வந்துவிட்டது அப்பாவுக்கு. பந்தயம் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவின் ஒளிந்த திறமையைக் கண்டுபிடித்துவிட்டால் பின்னறை அவருக்கு. இல்லாவிட்டால் அம்மாவுக்கு. தீர்ப்புச் சொல்ல நான். "பாத்தியா, வக்கீல் ஜட்ஜாவே ஆயிட்டா" என்று அதிலும் ஒரு சந்தோஷம் அவருக்கு.

திங்கட்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு அம்மாவைப் பின்தொடர ஆரம்பித்தார். அடுப்படியில் அம்மா திரும்பியபோது கரண்டி அவர் மூக்கில் இடித்தது. கொடியில் துணி உதறும்போது ஈரப் போர்வை முகத்தில் அறைந்தது. வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் ஒரு இடத்துல உக்காரேன். கடையில எல்லாரும் ஆடாம அசையாம இருப்பாங்க. இப்படி ஓடிட்டே இருந்தா நான் எங்க பாக்குறது?"

"உக்காரலாங்க. வேலைய யாரு பாப்பா?"

"நான் பாக்குறேன். உக்காரு."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

அம்மா கடையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துவரச் சொன்னாள். கழுத்தில் அப்பாவே கட்டிவிட்டார். "கை ரெண்டும் உள்ள இருக்கணும் இல்லீங்களா?"

"ஆமா. வெளிய எடுத்தா எனக்குக் கவனம் சிதறும்."

அம்மா ராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் பகலில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா உற்றுப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் பிடிபடல. கையில கத்திரி இல்ல, அதான்."

"என் முடியில கைவெச்சா வீட்டைவிட்டுப் போயிடுவேன். அதோ மேஜை மேல துணி இருக்கு, சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கேன். அதை வெட்டிக்கிட்டே பாருங்களேன்."

வெட்டினார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கிருதா ஒதுக்குகிற மாதிரி அவ்வளவு நேராக வெட்டினார். அம்மாவின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது.

செவ்வாய்க்கிழமை "உனக்குள்ள ஒரு நாட்டியக்காரி இருக்கா" என்றார். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவளைப் பார்த்தா இதைச் சொல்வது? தள்ளுபடி செய்தேன். அன்று துணியை மடிப்பு வைக்கச் சொன்னாள் அம்மா. அளவு கேட்டார். "உங்க சீப்பு அகலந்தாங்க." சீப்பை வைத்து மடித்தார், எடுத்து வைத்து மடித்தார். ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் நூல் வித்தியாசம் இல்லை. அவர் மடித்ததை நான் மெஷினில் தைத்தேன். நடுவில், "பால் பொங்குது பாருங்க" என்று அம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள். ஓடிப்போய் இறக்கினார். புதன்கிழமையிலிருந்து சமையலும் அவர்தான். வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டோம்.

அவர் கணிப்புகள் மட்டும் நிற்கவில்லை. ஜோசியக்காரி. ரகசியப் போலீஸ். மேஜிக் செய்பவள். எல்லாவற்றையும் தள்ளினேன்.

வியாழக்கிழமை கேக் கடைக்காரர் கடை நாற்காலியிலிருந்து எழுந்து பாதித் தலையோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். "மீதி எப்பங்க?"

"இருங்க அண்ணே, ஆராய்ச்சி முக்கியமான கட்டத்துல இருக்கு" என்றார் அப்பா, மடிப்பிலிருந்து தலை நிமிராமல்.

கேக் கடைக்காரர் தன் பாதித் தலையைப் பற்றி ஒரு கவிதை சொன்னார். நல்லவேளை, அதுவும் பாதியில் நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டல்காரம்மா வரும்போது அப்பா மீசையில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வெள்ளைத் துணிக்குள் அப்படியே சாய்ந்திருந்தாள்.

"கடைசி வாய்ப்பு. என்ன சொல்றீங்கப்பா?" என்றேன்.

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அஞ்சு நாளா கண்ணு வலிக்கப் பாத்துட்டேன். இவளுக்குள்ள ஒரு திறமையும் கிடையாது. சும்மா உக்காந்திருக்கா, அவ்வளவுதான்."

"ரூம் அம்மாவுக்கு" என்றேன்.

"ஒரு வேலையும் செய்யாதவளுக்கு எதுக்குடி ரூம்?" என்று அவர் கத்துவதற்குள், ஓட்டல்காரம்மா ஜன்னலில் தொங்கிய மாதிரித் திரைகளைத் தூக்கி, தள்ளி நின்று, கிட்டே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையலை விடுங்க. இந்த மடிப்பு யாரு வெச்சது? கோடு போட்ட மாதிரி இருக்கே. எல்லா ரூமுக்கும் இதே கைதான் வேணும்."

அந்த வாரத்தில் முதல்முறையாக அம்மா வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தாள். அப்பாவைக் காட்டினாள்.

"இவருக்குள்ளதாங்க ஒளிஞ்சிருந்துச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன்."

ஓட்டல்காரம்மா பாராட்டப் பாராட்ட, அப்பாவின் கை தானாக மீசைக்குப் போனது. அவ்வளவுதான், வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். எழுதக் கொடுத்த போர்டு மறுநாள் வந்தது. அம்மா அதை வீணாக்கவில்லை, பின்னறை வாசலிலேயே மாட்டினாள். நாங்கள் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கடை சாத்தியதும் அப்பா அந்த போர்டுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், சீப்பை எடுத்து வைத்து மடிக்கத் தொடங்குகிறார். அம்மா எதிரே நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறாள்.

"அப்படி இவளுக்குள்ள என்னதான்டி ஒளிஞ்சிருக்கு?" என்று அப்பா இன்னும் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.