மற்றவை மாறாதிருந்தால்

கொடைக்கானலில் கோட்டுப் போடாத ஆண்பிள்ளையே கிடையாது. ஆனாலும் ஐம்பதுகளின் கடைசியில் ‘கோட்டுக்காரர்’ என்றால் ஒரே ஒருவர்தான். நான் வேலை பார்த்த காய்கறி விற்பனைச் சங்கத்தில் அவர் குமாஸ்தா. பொருளாதாரம் படிக்கப்போய்க் கணக்குத் தாளில் மூன்று முறை தோற்றவர். சாக்கு, சுவர், சாப்பாட்டு இலை, எது கிடைத்தாலும் இரண்டு கோடு இழுத்துவிடுவார். இறங்குகிற கோடு தேவை, ஏறுகிற கோடு அளிப்பு, வெட்டிக்கொள்ளும் இடம் விலை. “மற்றவை மாறாதிருந்தால்” என்று முடிப்பார்.

காபிக் கடையில் இரண்டாவது காபியைப் பாதியில் வைத்துவிடுவார்.

“இதுக்கு மேல குடிச்சா இறுதிநிலைப் பயன் மைனஸ்ல போயிரும்.”

“பால் திரிஞ்சிருச்சுன்னு நேரா சொல்லுங்க சார்” என்பார் கடைக்காரர்.

ஒரு வருஷம் உருளைக்கிழங்கு விலை எகிறியது. அடுத்த போகத்துக்குப் பக்கத்துக் கிராமமான வில்பட்டி முழுக்க உருளைதான் என்று பேச்சு. கோட்டுக்காரர் என்னையும் இழுத்துக்கொண்டு சாரல் மழையில் அங்கே இறங்கிப் போனார். குச்சியால் சேற்றில் கோடு போட்டார்.

“எல்லாரும் இதையே போட்டா வெல விழுந்துருங்க. வெல பாதியாச்சுன்னு சனங்க ரெண்டு மடங்காவா கெழங்கு திங்கும்?”

“ஏலே, வெரசா வாங்க! சார் சேத்துல கோலம் போடுறாரு!” என்று ஒருவர் கூவினார்.

கூடியவர்கள் சிரித்துக் கலைந்தார்கள். கருப்பையா என்ற விவசாயி மட்டும் நின்றார்.

“அப்ப நான் பூண்டு போடுறேங்க. மழையும் மாறாம இருக்குமா சார்?”

“அப்படித்தான் வச்சுக்கணும்.”

சொன்னபடியே உருளை விலை விழுந்தது. விற்ற காசு லாரி வாடகைக்குக்கூடப் போதவில்லை. ஆனால் விடாத மழையில் கருப்பையாவின் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. உருளை போட்டவர்களுக்கு அவித்துத் தின்னவாவது கிழங்கு மிஞ்சியது. சொன்ன பேச்சைக் கேட்டவருக்கு அதுவும் இல்லை. தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கோட்டுக்காரர் போய் வாசலில் நின்றார்.

“தப்பு எம்மேலதான் கருப்பையா.”

“விடுங்க சார், மழைய நீங்களா பேய வச்சீங்க? வெள்ளனே கெளம்பணும், சோலி நெறையக் கெடக்கு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அதற்குப் பிறகு கோட்டுக்காரர் கோடே போடவில்லை. இரண்டாவது காபியையும் மிச்சமில்லாமல் குடித்தார். கடைக்காரரே பயந்துபோய், “சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று என்னிடம் விசாரித்தார்.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். நான் வழியனுப்பப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் ஆள் தெரியாத மூடுபனி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

“சார், இந்த வருசம் முட்டைக்கோசு வெல எப்படிங்க போகும்?”

மெல்ல ஆரம்பித்தார். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி என்று குரல் ஏறியது. வழக்கம்போல எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்டக்டர் இன்னும் கொஞ்சம் பொறுத்து விசில் ஊதியிருக்கலாம்.