குளோவிஸ் எடுத்த கைக்குட்டை

நியூ ஓர்லியன்ஸ்,
திங்கட்கிழமை, ஊர் வழக்கப்படி பீன்ஸ் அடுப்பில் கொதிக்கும் நேரம்.

பெருமதிப்பிற்குரிய வாரப் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, டுமேன் தெருவில் வசிக்கும் நூமா லவீன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். இந்த வருஷப் புயல்களெல்லாம் தங்கள் கூரையை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்று கடலுக்கே திரும்பிப் போக வேண்டும். இந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. எட்டு வயதில் கரும்பு வெட்டப் போனவன். சுவருக்கு அந்தப் பக்கம், இதே கூரையின் மறுபாதியில் குடியிருக்கும் யூலாலி எழுதுகிறாள். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்களைத் தொட்டுக்கொண்டிருந்தவள். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்கிறாள், நம்புகிறேன். நான் சொல்வதில் ஒரு சொல்லும் விடாமல் எழுதுவதாகக் கர்த்தர் பேரில் சத்தியம் செய்திருக்கிறாள்.

நான் சொல்ல வந்த சங்கதி நடந்தது பெட்ஸி புயலுக்கு அடுத்த வருஷம். கூரைமேல் ஏறி உயிர் பிழைத்த சனம் இன்னும் வீடு திரும்பாத வருஷம். மேம்பாலம் கட்டப்போகிறோம் என்று வந்து கிளெய்போர்ன் சாலையின் ஓக் மரங்களை வரிசையாக அறுத்துத் தள்ளிய வருஷம். அதே வருஷக் கடைசியில், சகல புனிதர் திருநாளன்று, நம் ஊருக்கும் ஒரு கால்பந்துக் குழு கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அது எங்களை எத்தனை வருஷம் அழவைக்கப் போகிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. வருஷத்துக்கு எண் வேண்டுமானால் யூலாலி போட்டுக்கொள்ளட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு என்கிறாள்.

ஐயா, போன வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இவள் எனக்குப் படித்துக் காட்டினாள். ராக், ஜாஸ் இசையில் மகத்தான டிரம்மர் என்றால் யார் என்று எழுதி, பூங்காவில் பதிக்கப்போகும் வெண்கலப் பலகைக்குப் பதினோரு பெயரும் கொடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டாவது இடம் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வாசகர்கள் காரணத்தோடு எழுதலாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இடம் குளோவிஸ் பெல்ஃபோருக்கு உரியது. அவன் இந்த யூலாலியின் காலஞ்சென்ற கணவன். பெண்டாட்டி எழுதிய சிபாரிசு என்று நினைத்துவிட வேண்டாம். சொல்வது நான், அவள் வெறும் பேனா. ("வெறும் பேனாவா? அப்போ பீன்ஸை நீங்களே கிண்டிக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். சமாதானம் செய்து உட்காரவைத்த பிறகு தொடர்கிறேன்.)

தங்கள் கட்டுரையில் முதல் தகுதி வேகம் என்று இருக்கிறது. வேகம் என் அக்காவின் தையல் மிஷினுக்கும் இருந்தது, அதற்கு யாரும் வெண்கலத்தில் பெயர் பொறிக்கவில்லை. இரண்டாவது, இரண்டு கையும் இரண்டு காலும் நாலு பக்கம் தனித்தனியாகப் போக வேண்டும் என்கிறீர்கள். அதை நான் நண்டுப் பானையில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, மற்றவர்களையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுப் பத்து நிமிஷம் தனியாக அடித்து நொறுக்க வேண்டுமாம். ஐயா, நான் நாற்பத்தோரு வருஷம் தோளில் சுற்றிக்கொள்ளும் பெரிய டியூபாவை ஊதியவன். டியூபாக்காரனுக்கு டிரம்மரைப் பற்றித் தெரிந்தது அவன் பெற்ற தாய்க்கும் தெரியாது. எல்லோரும் குச்சி விழுவதைக் கேட்பார்கள். நாங்கள் குச்சி விழாமல் இருக்கும் இடத்தைக் கேட்போம், ஏனென்றால் அந்த இடத்தில்தான் எங்களுக்கு மூச்சு வாங்க முடியும். கெட்ட டிரம்மரோடு நாலு தெரு நடந்தால் எனக்கு முட்டி வலிக்கும். குளோவிஸோடு நாற்பது தெரு நடந்தாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் நடந்தோம் என்றே தெரியும்.

ராக் என்று எழுதியிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு ராக் கோஷ்டி இங்கே வந்தது. அவர்களுடைய டிரம்மருக்குப் பதினோரு டிரம், எல்லாவற்றையும் இறக்கி வைக்கவே ஒரு மத்தியானம் போயிற்று. அவன் அடித்தால் வானம் இடிந்தது, சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நின்றது, அதுதான் என் புகார். ஒரு கால் அசையவில்லை. மறுநாள் அவனுக்கு நம் ஊர்ச் சிப்பி ஒத்துக்கொள்ளாமல் கழிவறையைவிட்டு வெளியே வர முடியாமல் போகவே, குளோவிஸைக் கூப்பிட்டார்கள். இவன் போய் உட்கார்ந்து மூன்று டிரம்மை மட்டும் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, மீதியில் ஒன்றின் மேல் தொப்பியை வைத்தான், இன்னொன்றின் மேல் காப்பியை வைத்தான். இரண்டாவது பாட்டில் வாசலில் டிக்கெட் கிழிக்கிற கிழவி டிக்கெட்டைப் போட்டுவிட்டு இடுப்பை ஆட்ட ஆரம்பித்தாள். கோஷ்டிக்காரர்கள் அவனை அப்படியே கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றே வாரத்தில் திரும்பி வந்து என் வாசலில் நிற்கிறான்.

"ஏண்டா வந்துட்ட?"

"திங்கக்கிழமைன்னா அங்க ஒரு பயலுக்கும் பீன்ஸ் ஊறப்போடத் தெரியல மச்சான். இலையும் தழையுமா திங்கிறானுங்க. அதத் தின்னுட்டு எப்படிடா டிரம் அடிக்கிறது?"

நாக்குக்காக உலகப் புகழை விட்ட டிரம்மர் தங்கள் பதினோரு பேரில் எவன் இருக்கிறான் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். மரங்களை அறுத்த அந்த வருஷம், நோன்புக் காலத்தில், எங்கள் சங்கத் தலைவர் ஹொனோரே டூபார் காலமானார். முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், பெரிய மனிதர், பெரிய உடம்பு. காலையில் தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு வாத்தியத்தோடு கிளம்பினோம், ஒன்பது பேர். கல்லறைக்குப் போகும் வழியில் சின்ன டிரம்மின் அடித்தோலுக்கும் கம்பிகளுக்கும் நடுவே டிரம்மர் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகியிருப்பான். கம்பி அதிராது, தொம்... தொம்... என்று துக்கமாகக் கேட்கும். உடலை அடக்கம் செய்த பிறகுதான் கைக்குட்டையை உருவி, சர்ர்ர் என்று ஒரு உருட்டு உருட்டுவான். அந்தச் சத்தம் கேட்டால் துக்கம் முடிந்தது, குடையை விரி, ஆடு என்று பொருள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தங்கள் கட்டுரையைக் கேட்ட பிறகு எதற்கும் சொல்லி வைப்போம் என்று தோன்றியது.

கிளெய்போர்ன் சாலையைத் தாண்டும்போது குளோவிஸின் இடது பக்கம் ஒரு பெண் கண்ணீர் வழிய வழிய நடந்து வந்தாள். இருபது வயது, மஞ்சள் உடுப்பு. அவள்தான் இதை எழுதுகிறாள். என் சட்டைப் பையிலும் வெளுத்த கைக்குட்டை ஒன்று இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய டியூபாவுக்குள் நுழைந்து நிற்பவனுக்குக் கை ஏது? குளோவிஸ் அவளைப் பார்த்தான். பார்த்தவன் டிரம்முக்கு அடியில் கைவிட்டு, ஹொனோரே டூபாரின் துக்கத்துக்கென்று மடித்து வைத்திருந்த கைக்குட்டையை உருவி, "இந்தாம்மா, அழாத" என்று நீட்டிவிட்டான்.

அடுத்த அடி சர்ர்ர் என்று விழுந்தது.

எங்கள் டிரம்பெட்காரன் ஒக்டாவ், துக்கப் பாட்டு என்றால் கொட்டாவி விடுகிறவன், இதற்காகவே காத்திருந்தவன் போலக் கொண்டாட்டப் பாட்டை எடுத்தான். பின்னால் வந்த இருநூறு பேரும் குடையை விரித்தார்கள். பிணம் இன்னும் வண்டியில் இருக்கிறது, நோன்புக் காலம் வேறு, ஊரே தெருவில் குதிக்கிறது. இது போதாது என்று சவ வண்டி ஓட்டிய சிலாஸ் இருக்கிறானே, அவனுக்கு இருபது வருஷப் பழக்கம்: கொண்டாட்டப் பாட்டு கேட்டால் தன் வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம். திரும்பிப் பார்க்காமல் வண்டியை இடது பக்கச் சந்தில் ஒடித்து, ஹொனோரேயையும் உள்ளே வைத்துக்கொண்டு சாண்ட்விச் கடைப் பக்கம் போய்விட்டான். ஊர்வலத்துக்கு முன்னால் தோளில் குறுக்குப் பட்டை அணிந்து நடந்த பிளாசீட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "டேய் சிலாஸ்! தலைவரை எங்கடா கொண்டுபோற?" என்று ஓடுகிறார். சிலாஸ் அவரும் ஆடுகிறார் என்று நினைத்துக் கையாட்டிவிட்டுப் போகிறான்.

சட்டென்று வாத்தியத்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருநூறு பேரும் அப்படி அப்படியே நின்று வண்டி எங்கே என்று தேடியிருப்பார்கள். விதவை ஒர்தென்ஸ் அம்மாளின் முகத்தில் யாராலும் விழிக்க முடிந்திருக்காது. குளோவிஸுக்கு அன்றோடு இந்த ஊரில் டிரம் இல்லை. அவன் நிறுத்தவில்லை ஐயா. நாலு தெரு. ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அடியாகக் குறைத்தான். முதல் தெருவில் குதித்தவர்கள் இரண்டாவது தெருவில் ஆடினார்கள், மூன்றாவதில் நடந்தார்கள், நாலாவதில் குடையை யார் சொல்லி மடக்கினோம் என்று தெரியாமலே மடக்கினார்கள். பெரிய டிரம் அடிப்பவனுக்குக் காது மந்தம், குளோவிஸின் தோள் அசைவதைப் பார்த்துத்தான் அடிப்பான், அதனால் அதுவும் கூடவே இறங்கிற்று. ஒக்டாவ்கூட அழ ஆரம்பித்துவிட்டான். துக்கப் பாட்டு சந்துக்குள் போய்ச் சாண்ட்விச் கடைவரை கேட்டிருக்கிறது. "ஐயோ, இன்னும் முடியலையா!" என்று சிலாஸ் கடித்ததை வாயில் வைத்துக்கொண்டே வண்டியைக் குறுக்குச் சந்து வழியாக ஓட்டி வந்து, சரியாக எங்களுக்கு முன்னால் சேர்ந்துகொண்டான்.

எல்லோரும் ஒர்தென்ஸ் அம்மாளைப் பார்த்தோம். அந்த அம்மாள் முக்காட்டைத் தூக்கி வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். "உயிரோட இருந்தப்பவும் கோயிலுக்குப் போற வழியில சாண்ட்விச் வாங்கப் போற மனுஷன்தான். இன்னிக்கு மட்டும் நேராப் போயிருவாரா? நீங்க அடிங்கப்பா" என்றாள்.

ஆசிரியர் ஐயா, இருநூறு பேரைக் குதிக்க வைக்க எவனாலும் முடியும். குதித்தவர்களை, குதித்தோம் என்ற வெட்கமே தெரியாமல், கைப்பிடித்து இறக்கிவிட்டவன் குளோவிஸ் ஒருவன்தான். அந்த டிசம்பரில் யூலாலியைக் கட்டிக்கொண்டான். கைக்குட்டையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

சாட்சி யார் என்று கேட்பீர்கள். ஒக்டாவ் போய்விட்டான். பிளாசீட் போய்விட்டார். சிலாஸை அவன் ஓட்டிய வண்டியிலேயே கொண்டுபோனோம். காது மந்தக்காரன் போனதும் நாலு வருஷத்துக்கு முன்னால் குளோவிஸ் போனதும் ஒரே மாதத்தில். அன்று அந்தத் தெருவில் நடந்தவர்களில் எனக்குத் தெரிந்து இன்னும் இருப்பது யூலாலி ஒருத்தி. என்னைச் சேர்க்க வேண்டாம், நான் அவன் கட்சிக்காரன்.

தங்கள் அச்சுக்கூடம் தழைக்கட்டும், தங்கள் பிள்ளைகள் தாளம் தவறாமல் நடக்கட்டும், தங்கள் வீட்டுப் பானையில் திங்கள்தோறும் பீன்ஸ் குழையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த வாசகன் (கேட்பவன் என்று எழுதச் சொல்கிறார்),
நூமா லவீன், கையெழுத்துக்குப் பதில் அவருடைய பெருக்கல் குறி.

பின்குறிப்பு: இது யூலாலி பெல்ஃபோர் தானாக எழுதுவது. மேலே உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன், இதைக் காட்டப்போவதில்லை. ஒரு சொல்லும் விடமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், சேர்க்கமாட்டேன் என்று செய்யவில்லை.

முதலாவது, நான் அழவில்லை. ஹொனோரே டூபாரை எனக்குத் தெரியவே தெரியாது. அறுத்த மரத்தின் தூள் கண்ணில் விழுந்துவிட்டது. இரண்டாவது, அந்த நாலு தெருவில் என் கணவர் டிரம்மில் ஓர் அடிகூட அடிக்கவில்லை. செய்த காரியம் புரிந்ததும் குச்சிகளைத் தூக்கிய வாக்கிலேயே விறைத்துப் போய் நடந்தார். அவர் தோள் அசையாததால் பெரிய டிரம்மும் நின்றுபோயிற்று. நான் பக்கத்தில் நடந்தவள், பார்த்தேன். கூட்டத்தை இறக்கியது நூமாவின் டியூபா. ஓர் ஊதலுக்கும் அடுத்த ஊதலுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனார். என் கணவர் வருஷாவருஷம் நோன்புக் காலத்தில் இதைச் சொல்லப் போவார். "நூமா, அன்னிக்கு நான் அடிக்கவே இல்லடா." இவர் விடமாட்டார். "யாருகிட்ட கதை விடுற? நீதான் அடிச்ச. என் காதுல கேட்டுச்சு." பொய் சொல்கிறார் என்று வெகு நாள் நினைத்தேன். இன்று அவர் சொல்லச் சொல்ல எழுதியபோது தெரிகிறது, அவருக்கு உண்மையிலேயே கேட்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பி வந்ததும் பீன்ஸுக்காக இல்லை. பீன்ஸ் சமைக்க நானும் கூடப் போயிருந்தேன். "இங்க என் வலது பக்கம் காலியா இருக்கு யூலாலி. அடிக்காத டிரம்மைக் கேக்கிற ஆளு பக்கத்துல ஊதினா என் கை தப்பு பண்ணாது. இவனுங்க அடிக்கிறதயே கேக்கமாட்டேங்குறானுங்க" என்றார். அன்றிரவே பெட்டியைக் கட்டினோம்.

ஆகவே இந்தக் கடிதத்தில் சொன்ன காரணத்துக்காக என் கணவரின் பெயரைப் போட வேண்டாம். டிரம்மரின் பெயர்தான் வேண்டும் என்றால், தன் கை எங்கே முடிந்து அடுத்தவன் மூச்சு எங்கே தொடங்குகிறது என்று அறிந்திருந்த காரணத்துக்காக, குளோவிஸ் பெல்ஃபோர் என்று போடுங்கள். பலகையைத் திறக்கும் அன்று துணியை இழுக்க ஆள் வேண்டுமே. அந்த டியூபாக்காரரின் பையிலும் அன்று கைக்குட்டை இருந்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் இருக்கும் கைக்குட்டையைக் கொடுத்து அவரை அனுப்புகிறேன். தன்னைச் சேர்க்க வேண்டாம் என்றார், நான் சேர்க்கிறேன். அன்று வாசித்த ஒன்பது பேரில் உயிரோடு இருப்பவர் ஒருவர், சுவருக்கு இந்தப் பக்கம், பீன்ஸ் வெந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு, கரண்டியால் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்: நூமா லவீன்.